காணாமல் போகும் வளர்ப்பு நாய்கள் வீடு திரும்ப உதவும் அடையாள முறைகள்

புதுடெல்லி: பட்டாசு ஓசைக்கு அஞ்சியோ, திறந்து கிடந்த வாயிற்கதவு வழியாகவோ வெளியேறும் வளர்ப்பு நாய், சில தெருக்களைக் கடந்ததும் வழி தெரியாமல் திகைத்துவிடுகிறது. அடையாளம் ஏதும் இல்லாத நாயைத் தெருநாயிலிருந்து பிரித்தறிவது கடினம். தெருநாய் என்று கருதி அதைப் பிடித்தால், 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி செலுத்தி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வாய்ப்புண்டு. அந்த இடம் அதன் வீட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கலாம்.

கழுத்துப்பட்டை வில்லை

உரிமையாளரின் கைப்பேசி எண் பொறித்த உலோக வில்லையே மிக எளிய முறை. நாயைக் கண்டெடுப்பவர் எந்தக் கருவியும் இன்றி உடனே தொடர்பு கொள்ள முடியும். நாயின் பெயரைவிட, எப்போதும் இயங்கும் இரண்டு கைப்பேசி எண்களைப் பொறிப்பதே பயன் தரும். ஆனால், பட்டை கழன்றாலோ அறுந்தாலோ அடையாளமும் போய்விடும்.

மைக்ரோசிப்

அரிசி மணி அளவுள்ள இச்சில்லை, கால்நடை மருத்துவர் ஊசி மூலம் நாயின் தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கு அடியில் பொருத்துகிறார். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரத்தைப் பின்பற்றும் சிப்பில் 15 இலக்க எண் இருக்கும். 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஸ்கேனரை அருகில் கொண்டு சென்றால் அந்த எண் திரையில் தோன்றும். சிப்பில் பேட்டரி இல்லை. எனவே ஆயுள் முழுவதும் பயன்படும்.

நாய் எங்கே இருக்கிறது என்பதை மைக்ரோசிப் காட்டாது. உரிமையாளரின் பெயரும் முகவரியும் அதற்குள் இருப்பதில்லை. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக உள்ள விவரங்களே உரிமையாளரைக் காட்டும். வீடோ கைப்பேசி எண்ணோ மாறியபின் பதிவேட்டைத் திருத்தாவிட்டால் சிப் இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் 2016 முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். விவரங்களைப் புதுப்பித்து வைப்பதும் அங்கு உரிமையாளரின் சட்டக் கடமையாகும்.

ஜிபிஎஸ் பட்டை

நாய் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டுவது ஜிபிஎஸ் பட்டை. இதற்கு பேட்டரியும் கைப்பேசி வலையமைப்பும் தேவை. மின்னேற்றம் தீர்ந்தால் தகவல் நின்றுவிடும் என்பதால், இதை மைக்ரோசிப்புக்கு மாற்றாகக் கொள்ள இயலாது.

உள்ளாட்சிப் பதிவு

1957-ஆம் ஆண்டின் டெல்லி மாநகராட்சிச் சட்டம், 399-ஆவது பிரிவில், நாய்களைப் பதிவு செய்யவும், பதிவு வில்லையுடன் கூடிய பட்டை அணிவிக்கவும் வகை செய்கிறது. வில்லை இன்றிப் பொது இடத்தில் காணப்படும் நாயைப் பிடித்து வைக்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது.

காணாமல் போனால்

அண்மைய புகைப்படம், தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண் ஆகியவற்றுடன் உள்ளாட்சி அமைப்பின் நாய் கருத்தடை மையத்தையும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைகளையும் உடனே அணுக வேண்டும். நாயைக் கண்டெடுத்தவர்கள் அதை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஸ்கேன் செய்யலாம். சிப் சில வேளைகளில் உடலுக்குள் இடம் பெயரும் என்பதால், கழுத்து, தோள், முன்னங்கால் பகுதிகளையும் சோதிப்பது அவசியம். உரிமை கோருவோரிடம் சான்று பார்த்த பின்னரே நாயை ஒப்படைக்க வேண்டும்.

வில்லை, மைக்ரோசிப் இரண்டும் இருந்தால் ஒன்று தவறினாலும் மற்றொன்று துணை நிற்கும். ஆண்டுதோறும் தடுப்பூசிக்குச் செல்லும்போதே சிப்பை ஸ்கேன் செய்து, பதிவேட்டிலுள்ள கைப்பேசி எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.