மாலைப் பொழுதைப் பாருங்கள்!

எந்தக் கல்லூரியில் சேர்வது? பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் வீடுதோறும் எழும் கேள்வி இது. கட்டணம் என்ன, வேலை கிடைக்குமா என்றெல்லாம் உரக்கக் கேட்கிறோம். குடியும் கும்மாளமும் இல்லாத கல்லூரி எது என்பதை மட்டும் கூச்சத்தோடு கேட்கிறோம். ஏன் கூச்சம்? கல் உடைத்தும் களை பறித்தும் சேர்த்த காசில் படிக்க வரும் முதல் தலைமுறை, கோப்பையிலே மூழ்கலாமா? விடைதேடத் தொலைவு செல்ல வேண்டா. புதுக்கோட்டை வரலாறு வழிகாட்டும்.

"ஒழுக்கமான கல்லூரி" என்று ஊரார் சொன்னால் போதுமா? 1880இல் தோன்றியது புதுக்கோட்டை மன்னர் கல்லூரி. ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துலட்சுமி என்னும் மங்கை இடம் கேட்டார். மாணவர் ஒழுக்கம் குலையும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். குலைந்தது ஒழுக்கமா? அன்று, பழமையின் ஆணவம்! அம்மங்கை 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். ஆகவே, பெண்ணைக் கண்டு அஞ்சுவதையே ஒழுக்கமென்று பறைசாற்றும் கல்லூரியை நம்பிவிடலாகாது.

சட்டம் காக்குமா? 1948இல் சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் முழுமையாக மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. 21 வயது நிரம்பாதவர்க்கு விற்கலாகாது என்கிறது விதி. கல்விக்கூடத்திலிருந்து நகரில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும் என்கிறது மற்றொரு விதி. நூறு மீட்டர் நடக்க இளைஞனுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

கேடு சிறிதன்று. 2009இல் இமாச்சலப் பிரதேசத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில், குடிபோதையிலிருந்த மூத்த மாணவர்கள் தாக்கியதில் புதுமாணவர் ஒருவர் மாண்டார். அவ்வாண்டே பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் தடுப்பு விதிகளை வகுத்தது. கல்லூரிதோறும் தடுப்புக் குழு வேண்டுமென்றது. அக்குழு ஏட்டில் இருக்கிறதா, விடுதியில் நடமாடுகிறதா என்று கேட்பது நம் உரிமை.

ஊர்ப் பேச்சும் போதாது, சட்டமும் போதாது என்றால், எதை நம்புவது? 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. பகலெல்லாம் பாடுபட்ட பெண்கள், பொழுது சாய்ந்தபின் விளக்கைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் கற்றனர். ஊதியம் வேண்டாத் தொண்டர்களாய் இளைஞர்கள் கற்பித்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினர். அண்ணனையும் கணவனையும் எதிர்பாராமல் சாலையில் சென்றனர். ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தில், துபகுண்டா என்னும் சிற்றூரில், இத்தகைய வகுப்பில் படித்த பெண்களே 1992இல் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தனர். 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. எழுத்து கூட்டிய கூட்டம் சாராயத்தை விரட்டியது!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. மாலைப் பொழுது வெறுமையாயிருந்தால் அதை மதுக்கடை நிரப்பும். அறிவு நிரப்பிவிட்டால் மதுக்கடைக்கு அங்கே இடமில்லை.

எனவே தோழர்களே, கல்லூரியின் வாயில் வளைவைப் பார்த்து முடிவு செய்யாதீர். வகுப்பு முடிந்தபின் சென்று பாருங்கள். நூலகத்தில் விளக்கு எரிகிறதா? சொற்பொழிவு மன்றம் கூடுகிறதா? ஆடுகளத்தில் ஆள் இருக்கிறதா? "நான் குடிப்பதில்லை" என்று சொல்லும் மாணவனை நண்பர்கள் நகைக்கிறார்களா, மதிக்கிறார்களா? விடுதி மாணவரிடமே கேளுங்கள்.

சேர்ந்த இடத்தில் மன்றம் இல்லையெனில் சோர வேண்டா. நால்வர் கூடி நூலொன்றைப் படிக்கத் தொடங்குங்கள். அறிவொளி வகுப்பும் அப்படித்தான் தொடங்கியது: ஒரு விளக்கு, அதைச் சுற்றிச் சிலர்.