கண்டல் பட்டையும் ஆட்டுத் தோலும்

சில வருடங்களுக்கு முன்னர் ஆசிரியர்களுக்கென மட்டக்களப்பில் நடந்த மூன்று நாள் தோற்கைப்பணிச் செயலமர்வுக்கு எங்கள் பாடசாலையிலிருந்து நான் போனேன். வேறெவரும் போக விரும்பவில்லை. "தோல் வேலையா சேர்?" என்று ஓய்வறையில் ஒருவர் மூக்கைப் பொத்திக் காட்டினார்.

முதல் நாள் வெட்டப் பழகினோம். மறுநாள் தையல். விளிம்பிலிருந்து சம அளவு தள்ளிக் கோடிழுத்து, துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இழுக்க வேண்டும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் வரிசை பிரியாது. என் பணப்பை கோணலாகத்தான் வந்தது. இன்றும் அதைத்தான் பாவிக்கிறேன்.

மூன்றாம் நாள், இந்தத் தோல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கொழும்பிலிருந்து என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்திய மாதம்தான் ஹஜ்ஜுப் பெருநாள். வாங்க ஆள் வராத உழ்ஹிய்யாத் தோல்களை நாங்கள் மணலில் புதைத்திருந்தோம். படுவான்கரை முழுக்க மாடு மேய்கிற ஒரு பிரதேசத்தில் தோல் தொழில் ஏன் வேர்விடவில்லை?

தோலைப் பற்றிய அறிவு இங்கே இல்லாமலில்லை. கோயிலிலும் சாவு வீட்டிலும் பறை மேளம் அறைந்தவர்களிடம் அது இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே அவர்களைப் பற்றி 1983 இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். நம்மிடையே பாவாமாரிடம் இருந்தது. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் றபான் ஆட்டுத் தோலால் ஆனது. மயிர் நீக்கிய தோலை ஈரத்தோடு சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர விடுவார்கள். பனியில் ஒலி தளர்ந்தால் நெருப்பில் காட்டுவார்கள். எங்கள் ஊர் இறைச்சிக் கடைக்குத் தோல் வாங்க வந்த தமிழ் மேளக்காரர் ஒருவரைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். 1990 க்குப் பிறகு அவர் வரவில்லை. நாங்களும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் மேளத்தின் தோலும் றபானின் தோலும் பச்சைத் தோல்தான். தண்ணீர் பட்டால் நெகிழும், கிடந்தால் அழுகும். அதைச் செருப்புக்கும் பைக்கும் ஏற்றதாக மாற்ற, மரப்பட்டையிலுள்ள தனின் வேண்டும். அதுவும் இங்கேதான் இருந்தது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவியின் ஓரங்களில் கண்டல் நின்றது. நைலோன் வலை வருமுன், நூல் வலை உக்காமலிருக்கக் கண்டல் பட்டையைப் பெரிய கிடாரத்தில் காய்ச்சி அந்தச் சாயத்தில் வலையைத் தோய்த்ததை வாப்பா சொல்லியிருக்கிறார். வலையைக் காத்த அதே சாறுதான் தோலையும் காக்கும். தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையால் பதனிட்டார்கள். நம்மூர்ப் பற்றைகளிலும் ஆவாரை பூக்கிறது. நாம் பூவை அவித்துக் குடிப்பதோடு சரி.

தோல் ஒரு கையில், பட்டை இன்னொரு கையில். இரண்டும் சந்திக்கவில்லை. என் எண்ணம் இது: தோலைத் தொட்டவனை ஊர் ஓரத்தில் வைத்தது, அவனுடைய அறிவும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. இதைத் தமிழ்ச் சமூகத்தின் குறையென்று மட்டும் சொல்லித் தப்ப எனக்கு மனமில்லை. நம்மில் சாதியில்லை என்கிறோம். பாவா வீட்டிலும் ஒஸ்தா வீட்டிலும் பெண் கேட்டுப் போக எத்தனை பேர் தயார்?

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோலை விட்டு ஒதுங்கவில்லை. அந்த வருமானம் கல்விக்கும் போனது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901 இல் தோன்றியது, அதன் இஸ்லாமியாக் கல்லூரி 1919 இல். திருச்சியில் 1951 இல் தொடங்கிய ஜமால் முகம்மது கல்லூரி ஒரு தோல் வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அங்கும் பதனிடும் குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் மக்களே. குரோம் கழிவால் பாலாறு கெட்டது. 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஆகவே அந்தக் கதையை அப்படியே இங்கே கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் வாவி தாங்காது.

1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடம் வந்தபோது அந்தந்த ஊர்த் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவர ஒரு வழி திறந்தது. 1977 இல் ஆட்சி மாறியது; பாடமும் போயிற்று. மூத்த ஆசிரியர்கள் இன்றும் அதைச் சொல்லி வருந்துவார்கள்.

கடந்த ஹஜ்ஜுக்குப் பிறகு ஓர் ஆட்டுத் தோலைப் பாடசாலைக்குக் கொண்டு போனேன். கண்டலைத் தொடவில்லை, அது இப்போது பாதுகாக்கப்பட்ட மரம். ஆவாரம்பட்டையைத்தான் இடித்தோம். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்து, சவ்வைச் சுரண்டி, கழுவி, வாளியில் பட்டைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையாக்கிக்கொண்டே ஆறு வாரம் வைத்தோம். நாற்றத்தைப் பற்றி அதிபரிடம் இரண்டு முறைப்பாடுகள் போயின. ஓரங்கள் பழுதாகிவிட்டன. நடுவில் இரண்டு கை அகலத்துக்கு, பழுப்பாய், கொஞ்சம் விறைப்பாய், உண்மையான தோல் கிடைத்தது. அதில் என்ன செய்வதென்று எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாவாவின் பேரன் ஒருவனும் அந்த வகுப்பில்தான் இருக்கிறான். சவ்வு சுரண்டும்போது கத்தியை எந்தச் சரிவில் பிடிப்பதென்று எனக்குக் காட்டித் தந்தவன் அவன்தான்.