நிறச் சோதனையும் கொலாஜன் ஆய்வும்: சென்னை அறிவியல் வரலாற்றில் எதிர்மறை முடிவின் இடம்

முன்னுரை

பெயரிடப்படாத கரைசலை மாணவரிடம் தந்து, அதிலுள்ள உயிரியப் பெருமூலக்கூறு எதுவெனக் கண்டறியச் செய்வது பள்ளி ஆய்வக வழக்கம். அயோடின் கருநீலமானால் ஸ்டார்ச். பையூரெட் சோதனையில் ஊதா தோன்றினால் புரதம். உடன் செய்யப்படும் பெனடிக்ட் சோதனையில் செங்கல் நிறம் தோன்றினால் ஒடுக்கும் சர்க்கரை. நிறம் தோன்றாவிடில் ‘இல்லை’ என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. அந்த ‘இல்லை’ என்பதன் பொருளைச் சென்னையில் நிகழ்ந்த கொலாஜன் ஆய்வின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சோதனையின் எல்லை

கரும்புச் சர்க்கரை பெனடிக்ட் கரைசலின் நிறத்தை மாற்றாது. அங்குச் ‘சர்க்கரை இல்லை’ என்பது சோதனை கூறாத முடிவாகும். பையூரெட் சோதனையும் பெப்டைடு பிணைப்புகளையே காட்டும். எந்தப் புரதம் எனக் கூறாது.

கேம்பிரிட்ஜ் செய்முறை வகுப்பொன்றில், புரதத்திற்குரிய ஆடம்கீவிச் சோதனை மாணவர் ஒருவருக்கு நிறம் தரவில்லை. பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் அதன் காரணத்தைத் தேடினார். நிறம் தோன்றுவது அசிட்டிக் அமிலத்தில் மாசாகக் கலந்திருந்த கிளைஆக்சாலிக் அமிலத்தால் எனக் கண்டார். இத்தேடல் 1901இல் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுக்க வழிசெய்தது. கொலாஜனிலிருந்து கிடைக்கும் ஜெலாட்டின் பையூரெட் சோதனையில் ஊதா நிறம் தரும். டிரிப்டோஃபேன் இன்மையால் ஹாப்கின்ஸ் சோதனையில் நிறம் தராது. ஆக, ‘இல்லை’ என்பதும் பொருளின் இயல்பை உணர்த்தும் சான்றே.

கிண்டியும் அடையாறும்

நிறச் சோதனை நின்றுவிடும் இடத்தில் வடிவம் பற்றிய வினா எழுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இவ்வினாவை எக்ஸ் கதிர் வழி அணுகினர். அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கங்காருவின் வால் தசைநாண் கொலாஜனை அளித்தது. கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பதை அடிப்படையாகக் கொண்டு, 1954இல் மூன்று சங்கிலிகளாலான அமைப்பை அவர்கள் முன்மொழிந்தனர். 1955இல் அச்சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிச் செல்வதாக அதனைத் திருத்தினர்.

அவ்வமைப்பில் சில அணுக்கள் ஏற்கத்தகாத அளவு நெருங்கியுள்ளன என அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுத்தனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து சென்னைக் குழுவினர் தொகுத்தனர். அம்முயற்சியின் விளைவே இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட வரைபடம். பெப்டைடு சங்கிலி எக்கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என அது பகுத்துக் காட்டுகிறது. புரத அமைப்புகளின் சரித்தன்மையைச் சோதிக்க அது இன்றும் பயன்படுகிறது.

முடிவுரை

கேம்பிரிட்ஜில் தோன்றாத நிறமும், சென்னைக் குழு எதிர்கொண்ட மறுப்பும் ஆய்வை முடித்துவைக்கவில்லை. அடுத்த வினாவை எழுப்பின. எதிர்பார்த்த நிறத்தை மட்டும் மதிப்பெண்ணுக்குரியதாகக் கொள்ளும் பயிற்சி இவ்வாய்ப்பை இழக்கிறது. ‘இல்லை’ என்ற பதிவுக்கு அருகில் ‘எது இல்லை, ஏன்’ என்றும் மாணவர் எழுதுவாராயின், பள்ளி ஆய்வகம் ஆய்வுமுறையின் முதற்படியாக அமையும் எனலாம்.