கொடியை விற்றவரும் காயை விற்றவரும்

பாலக்காட்டுக் கணவாயின் வாளையாற்றிலிருந்து தெற்கே நெல்லியாம்பதி, மூணாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என நீளுகிறது தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடைப்பட்ட மலை எல்லை. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1972இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. கோடு எங்கே விழுந்தாலும், அங்குள்ள தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவருள் பெரும் பகுதியினர் தமிழரே. இன்றும் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி, ஏலக்காட்டில் நாட்கூலிக்கு வேலை செய்து, மாலையில் இறங்கி வருவோர் உண்டு. பிற மாநிலங்களில் பிழைப்புத் தேடிச் சென்றுள்ள நம்மவருக்கு இவ்வட்டாரத்தின் கதை அயலாருடைய கதையாகத் தோன்றாது.

இக்கதையில் நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒரு சிறு கூறு: இன்னும் காய்க்காத ஒன்றுக்கு மனிதர் கொடுத்த விலை.

இம்மலைகளுக்கு அது புதிதும் அன்று. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தேயிலை வருமுன் அங்கே காப்பி, ஏலம், சிங்கோனா முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தனர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்தே கிடைத்தது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் அங்குள்ள காப்பித் தோட்டங்களை அழிக்கவே, பட்டைக்கு நல்ல விலை இருப்பதைக் கேட்ட துரைமார் கூட்டங்கூட்டமாகச் சிங்கோனாவை நட்டனர். மரம் பட்டை தரச் சில ஆண்டுகள் வேண்டும். எல்லோருடைய மரங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பட்டை தந்தன. 1880களில் சந்தையில் பட்டை குவிந்தது, விலை சரிந்தது. இதற்கிடையே, 1865இல் சார்லஸ் லெட்ஜர் என்பவர் விற்க முன்வந்த உயர்ந்த சாதி விதையை ஆங்கில அரசு வேண்டாமென்று விட, டச்சுக்காரர் சிறு தொகைக்கு வாங்கி ஜாவாவில் வளர்த்திருந்தனர். அந்த மரங்களோடு போட்டியிட இங்குள்ள சிவப்புப் பட்டையால் இயலவில்லை. ஊரெல்லாம் புகழ்ந்த பயிர் விழுந்தது; எவரும் பொருட்படுத்தாத விதை வென்றது.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே மலைகளில் வெனிலா வந்தது.

வெனிலா மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட ஆர்க்கிட் இனக் கொடி. அதன் பூ விடியலில் மலர்ந்து, சில மணி நேரத்தில் வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவையும் மனிதர் கையாலேயே மகரந்தம் சேர்த்தல் வேண்டும். எளிதாக அதைச் செய்யும் முறையை 1841இல் ரெயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டான். அவன் விரல் நுனியில் பிறந்த அந்த முறையின்மேல்தான் ஓர் உலக வாணிகமே எழுந்தது; அவனோ 1880இல் வறியவனாக மாண்டான். சேர்க்கை முடிந்தபின் காய் முதிர ஒன்பது பத்து மாதங்கள் ஆகும். அதன்பிறகும் வெந்நீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, போர்த்து வியர்க்கவைத்துப் பல வாரங்கள் பதப்படுத்தினாலன்றி மணம் பிறவாது. நட்ட கொடி பூக்கவே மூன்றாண்டு காத்திருக்க வேண்டும் என்பதை நேயர்கள் இங்கு மனத்தில் இருத்திக்கொள்க.

உலக வெனிலாவிற் பெரும் பங்கு மடகாஸ்கர் தீவினுடையது. 2000 ஏப்ரலில் ஹூடா என்னும் புயல் அத்தீவின் வெனிலாப் பகுதிகளைத் தாக்கியது. 2002இல் அந்நாட்டில் அரசியற் குழப்பமும் சேர்ந்தது. பதப்படுத்திய காய் கிலோ ஐந்நூறு டாலர் அளவுக்கு ஏறியது. இடுக்கியில் 2003 அளவில் பச்சைக் காய் கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டிற்று. மிளகு விலை வீழ்ந்து கிடந்த காலம் அது. மிளகுக் கொடியை அகற்றிவிட்டு வெனிலா ஏற்றியவர் உண்டு. கடன் வாங்கி நட்டவரும் உண்டு. காய்த்திருந்த தோட்டங்களுக்கு இரவெல்லாம் காவல் தேவைப்பட்டது. மடகாஸ்கரிலோ உழவர் பச்சைக் காயின் தோலில் ஊசியால் தம் அடையாளத்தைக் குத்தி வைத்தனர். திருட்டுக்கு அஞ்சி முதிராத காயைப் பறித்தனர். அதனால் சரக்கின் தரமும் கெட்டது.

ஆயினும் அந்நாளில் காயைவிட விரைவாகக் காசு தந்தது கொடிதான். நடுவதற்குரிய தண்டை வெட்டி அளந்து விற்றவர்கள், பூவுக்கும் காத்திருக்கவில்லை, காய்க்கும் காத்திருக்கவில்லை. கையில் பணம் பெற்றுக்கொண்டு நின்றனர். வாங்கியவரே மூன்றாண்டைச் சுமந்தனர். இன்றைய காய் விலையை வைத்து நாளைய கொடிக்கு விலை பேசினார்கள்! இப்படிப் பேசுவதற்கு ஊகவணிகம் என்று ஒரு பெயரிட்டுள்ளோம். அதில் ஊகம் வாங்குபவனுக்கும் வணிகம் விற்பவனுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைச் சேர்ப்பது பழைய பழக்கம். தொடக்கத்தில் சிகரெட்டுப் பெட்டியோடும் மிட்டாயோடும் இலவசமாக வந்தவை அவை. ஒருவர் புதுமுகமாக நுழையும் ஆண்டின் அட்டைக்கும், அவர் கையெழுத்திட்ட அட்டைக்கும் தனி மதிப்பு உண்டு. 1980களின் இறுதியில் புதுமுகங்களின் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டிவைக்கும் மோகம் பரவிற்று. அச்சிடுவோரும் சளைக்காமல் அச்சிட்டுத் தள்ளினர். 1991இல் நியூயார்க் யாங்கீஸ் அணி பிரையன் டெய்லர் என்னும் பத்தொன்பது வயது வீச்சாளரை நாட்டின் முதல் தேர்வாக எடுத்துப் பதினைந்தரை லட்சம் டாலர் கொடுத்தது. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் அவர் தோள் படுகாயமுற்றது. முதல்நிலை ஆட்டம் ஒன்றுகூட அவர் ஆடவில்லை. அவர் அட்டையை வாங்கி வைத்தவர் நிலையை விரித்துரைக்க வேண்டுமோ? மாறாக, மைக் ட்ரவுட் என்பாரின் 2009ஆம் ஆண்டுக் கையெழுத்து அட்டை, ஒரே ஒரு பிரதி உள்ளது, 2020 ஆகஸ்டில் 39 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அச்செய்தியைப் படித்த அன்று பழைய பெட்டியை இறக்கிப் பார்த்தவர் எத்தனை ஆயிரமோ!

ஒற்றைப் பொருளின் ஒரு நாள் விலை எல்லாப் பொருளின் விலையாகக் காதில் விழுவது நம் மலைகளிலும் நிகழ்ந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளமும், அடுத்த கோடையின் வறட்சியும் ஏலச்செடிகளை வாட்டின. 2019 ஆகஸ்டு 3ஆம் நாள் இடுக்கியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்றென்று நாளேடுகள் எழுதின. அது ஒரு குவியலுக்குக் கிடைத்த உச்சவிலை. அன்றைய சராசரி அதனினும் மிகத் தாழ்ந்தது. இரண்டாண்டுக்குள் ஏலக்காய் ஆயிரம் ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. ஏற்றத்தின்போது புதுக்காடு திருத்தி நட்டவரின் செடிகள் காய்க்கத் தொடங்கியது அப்போதுதான். காய் பறித்த பெண்களின் கூலியோ ஏழாயிரத்தோடு ஏறவில்லை. விலை விழுந்தபோது குறைந்தது அவர்களுக்குக் கிடைத்த வேலைநாள்.

வெனிலாவுக்கு வருவோம். 2004இல் மடகாஸ்கரின் புதுக்கொடிகள் காய்த்தன. உகாண்டா, இந்தோனேசியா, பப்புவா நியூகினி, நம் நாடு எனப் பல இடங்களின் சரக்கும் சேர்ந்தது. ஐஸ்கிரீமும் இனிப்பும் செய்யும் பெரிய ஆலைகள் விலைக்கு அஞ்சி, 1874இலேயே ஜெர்மானிய வேதியியலார் ஆக்கிக்காட்டிய செயற்கை வெனிலினை மேலும் நாடின. பதப்படுத்திய காய் ஐந்நூறிலிருந்து ஐம்பது டாலருக்கு இறங்கிற்று. இடுக்கியில் பச்சைக் காய் நூறு ரூபாய்க்கும் கீழே போனது. பூவுக்குப் பூ கைவைத்துச் சேர்க்கும் ஆளின் கூலிக்கே அது கட்டவில்லை. 2003இல் நட்டவரின் கொடிகள் பூத்தது 2006இல்! பலர் பூவை அப்படியே வாடவிட்டனர். பின்னர்க் கொடியை வெட்டியெறிந்தனர்.

2017 மார்ச்சில் ஈனாவோ என்னும் புயல் மடகாஸ்கரைத் தாக்க, பதப்படுத்திய வெனிலா மீண்டும் கிலோ அறுநூறு டாலர் அளவை எட்டியது. அப்போது இடுக்கியிற் கொடி வைத்திருந்தவர் மிகச் சிலர். மற்றவர் தோட்டங்களில் அதே மரங்களின்மேல் மிளகு ஏறியிருந்தது.