கள் விற்றவள்

பூம்புகாருக்குப் போகிறவர்கள் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாணவிகளை நானும் அப்படித்தான் அழைத்துப்போயிருக்கிறேன். இம்முறை தனியே கீழையூர் வரை போனேன். 1960களில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறை அங்கேதான் இருக்கிறது.

பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்றிருந்த ஊர். இந்திரவிழவூரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்துக் கடைகளை அடுக்கும்போது, மீன் விற்கும் பரதவருக்கு முன்பாகக் கள் விற்கும் பெண்களைச் சொல்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக அந்த வரியைப் பதம் பிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். அவளிடமும் காசு புழங்கியிருக்கும், கடன் சொன்னவனை அவளும் அதட்டியிருப்பாள் என்று வகுப்பில் ஒருநாளும் பேசியதில்லை. தேர்வில் கேட்பது கற்பைத்தான். அதற்குப் பத்து மதிப்பெண்.

கரையில் மீன்கூடையோடு இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்குறதுன்னா நில்லும்மா. வெயிலு ஏறுது.”

அரைக் கிலோ சங்கரா வாங்கினேன்.