கலியாணப் பதிவில் இல்லாத தொழில்

கம்பஸில படிக்கிற எல்லாருக்கும் குப்பி தெரியும். சோதினைக்கு ரெண்டு நாள் இருக்கேக்க, விளங்கின ஒருத்தர் விளங்காத பத்துப் பேரை இருத்தி வைச்சுச் சொல்லித் தாறது. அதோட ஒரு போட்டோகொப்பியும் கைமாறும். ஆரோ ஒரு சீனியர் எழுதினது, பிறகு வந்த ஒருத்தர் ஓரத்தில திருத்தினது, கொப்பியின்ர கொப்பி எண்டபடியால் பாதி எழுத்து அழிஞ்சது. ஆனா புத்தகத்தில இல்லாத ஏதோ ஒண்டு அதில இருக்கும். எல்லாரும் எந்த இடத்தில பிழை விடுவினம், ஏன் விடுவினம் எண்ட மாதிரி.

வரலாற்றைப் பாடமாக எடுத்த நாங்கள் இந்தத் தாள்களை ஒருநாளும் மூலாதாரமாக நினைச்சதில்லை. எங்களுக்கு மூலாதாரம் என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஒல்லாந்தர் விட்டுப்போன தோம்பு. ஆரிட்ட எவ்வளவு காணி, வீட்டில எத்தனை பேர் என்று பேர் பேராக எழுதி வைத்த பதிவேடுகள் அவை. பதிவேட்டில் இடமில்லாத விசயம் வரலாற்றிலயும் இல்லாமல் போகிறது என்பதை அந்தப் பாடத்தில்தான் விளங்கிக்கொண்டோம்.

அதே ஒல்லாந்தரின்ர நாட்டில், 1957இல், அம்ஸ்டர்டாம் நகரசபையின் கலியாணப் பதிவிலும் இப்படி ஒரு சிக்கல் வந்தது. மாப்பிள்ளையின் தொழில் என்ன என்று கேட்டிருக்கினம். புரோகிராமர் என்று அவர் சொன்னார். அப்படி ஒரு தொழில் இல்லை எண்டு அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று பதிந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1972இல் கணினித்துறையின் மிகப் பெரிய விருதான ட்யூரிங் விருதை வாங்கிக்கொண்டு ஆற்றிய உரையில், அவரே இந்தக் கதையைச் சொன்னார்.

டைக்ஸ்ட்ரா 1930இல் ரொட்டர்டாமில் பிறந்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். 1951இல் கேம்பிரிட்ஜில் புரோகிராம் எழுதப் பழக்கும் ஒரு குறுகிய கால வகுப்புக்குப் போய்வந்தார். அடுத்த வருசம் அம்ஸ்டர்டாமில் இருந்த கணித மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனாலும் மனம் ஆறவில்லை. மற்றத் தொழில்களுக்கு ஒரு அறிவுப் பின்புலம் இருக்கு, எங்கட வேலைக்கு என்ன இருக்கு? இந்தக் கேள்வியோடு மையத்தின் கணினிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வான் வைங்கார்டனிடம் போனார். கணினிகள் இனிப் போகப்போவதில்லை, இதை மதிப்பான துறையாக்குகிற ஆட்களில் நீரும் ஒருவராக இருக்கலாமே என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். உந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் டைக்ஸ்ட்ரா முழுநேரமாக இந்த வேலைக்கு வந்தார். ஆர்ட்ஸ் ஃபக்கல்ற்றிக்காரர் எங்களுக்கு, 'உதைப் படிச்சு என்ன செய்யப் போறீர்?' என்ற கேள்வி பழகினது. கணினிக்காரரும் ஒரு காலத்தில அதே கேள்வியோட அலைஞ்சவை எண்டு தெரியவர ஒரு சின்னச் சந்தோசம்.

கணித மையத்தில் அப்போது இன்னொரு கூட்டமும் இருந்தது. ஒல்லாந்து மொழியில் அவர்களை 'கணக்குப் பெட்டைகள்' என்ற பொருள் வரும் ஒரு சொல்லால் அழைத்தார்கள். பள்ளிக்கூடம் முடித்த இளம் பெண்கள், கையால் இயக்கும் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு நீண்ட நீண்ட கணக்குகளைச் செய்தார்கள். மையத்தின் முதலாவது கணினியான ஆர்ரா நம்பி வேலை கொடுக்கக்கூடிய இயந்திரமில்லை. 1952இல் அதைத் திறந்து வைத்தபோது, எழுந்தமான எண்களை அச்சடிக்கத்தான் விட்டார்களாம். இயந்திரம் பிழைவிட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாதே! பிறகு வந்த இயந்திரங்களில் இந்தப் பெண்களில் சிலர் புரோகிராம் எழுதும் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ரியா டெபெட்ஸ். 1957இல் டைக்ஸ்ட்ரா கலியாணம் செய்தது அவவைத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பிரபலமான அந்தக் கோப்பிக் கடைக் கதைக்கு வருவோம். 1956இல் மையத்தின் புதுக் கணினி ஆர்மக்கை ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. கணிதம் தெரியாத ஆட்களுக்கும் கேள்வியும் விடையும் விளங்க வேண்டும். ரொட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய வழி எது? இதுதான் டைக்ஸ்ட்ரா யோசித்த கேள்வி. ஒருநாள் வருங்கால மனைவியோடு கடைகளுக்குப் போய்க் களைத்து, ஒரு கோப்பிக் கடை வாசலில் இருந்தார்கள். அங்கே, பேப்பரும் பேனையும் இல்லாமல், ஏறக்குறைய இருபது நிமிடத்தில் வழி பிடிபட்டது. தொடங்கும் ஊரின் தூரம் பூச்சியம். இன்னும் முடிவாகாத ஊர்களில் ஆகக் கிட்டவுள்ளதை எடு. அதன் தூரத்தை முடிவாக்கு. அதன் ஊடாகப் போனால் அயல் ஊர்களுக்கு வழி குறையுதா என்று பார். திரும்பவும் அதையே செய். அவ்வளவுதான். செய்முறைக்காக ஒல்லாந்து வரைபடத்தைச் சுருக்கி 64 நகரங்களை எடுத்தார். 1959இல் மூன்று பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. இண்டைக்குப் போனில வழி கேட்கேக்க பின்னால ஓடுறது இதின்ர பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

கனகாலம் கழித்து ஒரு பேட்டியில், பேப்பர் இல்லாததாலேயே அது எளிமையாக வந்தது என்று சொன்னார். தவிர்க்கக்கூடிய சிக்கலைத் தவிர்த்தே ஆகவேண்டிய நிலைமை. இது அவர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தொழில் குறிப்பு: முதலில் யோசி, பிறகு எழுது. ஆனால் பக்கத்தில் இருந்த ரியாவும் புரோகிராம் எழுதும் ஆள். கதையில் அவ கடைத்தெருவில் களைத்த காதலியாக மட்டும்தான் வாறா.

நாங்கள் இவ்வளவு நேரமும் சொன்னது பின்னணிதான். எங்களை இழுத்தது டைக்ஸ்ட்ராவின் தாள்கள். மனதில் பட்டதை எழுதி, தன் முதலெழுத்துகளான ஈ.டபிள்யூ.டி. என்பதோடு ஒரு இலக்கத்தையும் போட்டு, போட்டோகொப்பி எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொப்பி எடுத்துக் கொடுப்பார்கள். இப்படி நாடு நாடாகப் போகும். குப்பி நோட்ஸ் மாதிரியேதான்! ஆரம்பத்தில் தட்டச்சில், பிறகு பெரும்பாலும் மை ஊற்றும் பேனையால், வெட்டுக்கொத்து இல்லாத அழகான கையெழுத்தில் எழுதினார். நாற்பது வருசத்துக்கு மேல் இது நடந்தது. மொத்தம் 1300க்கும் கூட. சில பிறகு சஞ்சிகைகளில் வந்தன. கனக்க ஒருநாளும் அச்சுக்குப் போகவே இல்லை.

1973இலிருந்து பரோஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கொம்பனிக்கு ஆய்வாளராக, நூனன் என்ற ஊரில் தன் வீட்டு அறையிலிருந்தே வேலை செய்தார். வான்கோ உருளைக்கிழங்கு தின்னும் ஏழைக் குடும்பத்தை வரைந்தாரே, அதே நூனன். மின்னஞ்சல் பரவலாக முதலே வீட்டிலிருந்து வேலை! உலகத்தோட அவருக்கிருந்த தொடர்பு தபால்பெட்டியும் பயணங்களும்தான். பயணம் போய் வந்தால் அதையும் ஒரு இலக்கம் போட்டு எழுதிவிடுவார். எந்தக் கூட்டத்தில் ஆர் அலுப்படித்தார், எந்தப் பேச்சு உருப்படியானது என்றெல்லாம் இருக்கும். தேற்றங்களைத் தயாரித்து விற்கிற ஒரு கற்பனைக் கொம்பனியை உருவாக்கி, தானே அதன் தலைவராக இருந்து எழுதிய நக்கல் கடிதங்களும் உண்டு. மென்பொருள் வியாபாரத்தைக் கேலி செய்ய அவருக்கு அது ஒரு வழி.

இவற்றில் எங்களுக்குப் பிடித்தது 1982 ஓகஸ்டில் எழுதிய 831ஆவது தாள். ஏன் பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதுதான் விசயம். கணினிக்காரர் மட்டும் 0, 1, 2 எண்டு எண்ணுறது ஏனெண்டு உங்களில ஆராவது யோசிச்சிருப்பியள். எங்களுக்கு அது இப்படித்தான் விளங்கினது. விரிவுரையாளர் 10ஆம் பக்கத்திலிருந்து 20ஆம் பக்கம் வரை வாசிச்சுக்கொண்டு வரச் சொன்னால் எத்தனை பக்கம்? பத்து எண்டுதான் வாய் சொல்லும். சரியான விடை பதினொண்டு. தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் எழுதினால் இந்த வில்லங்கம் வராது. 10இல் தொடங்கி 21க்கு முன் நில் என்றால், 21இலிருந்து 10ஐக் கழிக்க 11. அடுத்த பகுதி 21இல் தொடங்கும், இடையில் ஓட்டையும் இல்லை, மேல்விழுதலும் இல்லை. இந்த முறையை ஏற்றுக்கொண்டால், முதலாவது பொருளுக்கு 0 என்று இலக்கம் கொடுப்பதுதான் வடிவு. ஏனென்றால் அப்போது ஒரு பொருளின் இலக்கமே அதற்கு முன் எத்தனை பொருள் இருக்கு என்பதைச் சொல்லிவிடும். இது வெறும் அழகுக்காகச் சொன்னதுமில்லை. ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் நான்கு வகையாகவும் எழுத இடம்கொடுத்த ஒரு மொழி இருந்தது. மற்ற மூன்றும் புரோகிராமர்களைப் பிழைவிட வைத்தன என்ற அனுபவத்தையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். இதையெல்லாம் எழுதத் தூண்டியது ஒரு சின்னக் கோபம். இளம் கணினிக்காரர் பூச்சியத்தில் தொடங்குவது வீண் பண்டிதத்தனம் என்று ஒரு கணிதக்காரர் சொல்லிவிட்டாராம். டைக்ஸ்ட்ராவின் தாள்களில் பக்க இலக்கமும் பூச்சியத்தில்தான் தொடங்கும்.

ஆளை ஒரேயடியாகப் புகழ எங்களுக்கு விருப்பமில்லை. அவருடைய கோபம் எப்போதும் இப்படி நல்ல விளைச்சலைத் தந்ததில்லை. 1975இல் எழுதிய 498ஆவது தாளில் அப்போதைய மொழிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கிறார். பேசிக் மொழியில் முதலில் பழகிய மாணவர்களின் மூளை திருத்த முடியாதபடி கெட்டுப்போய்விட்டது என்ற மாதிரி ஒரு வரி. இன்றைக்கும் கணினிக்காரர் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுகிற வரி அது. எங்களுக்குச் சிரிப்பு வரேல்ல. பேசிக் எங்கே பிறந்தது? 1964இல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில், கெமெனி, கேர்ட்ஸ் என்ற இரண்டு கணித ஆசிரியர்கள் செய்தது. விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதாவது எங்களைப் போன்ற ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு. வாசலைத் திறந்துவிட்டவர்களைப் பார்த்து, உள்ளே வாற கூட்டம் சரியில்லை எண்டு சொல்லுற குரல் அந்தத் தாளில் கேட்குது. பேசிக் நல்ல மொழியா என்பது வேறு கேள்வி. அதில் அவருடைய பக்கத்தில் நியாயமும் இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் தன் தொழிலுக்குப் பதிவேட்டில் இடம் கிடைக்காத மனுசன், மதிப்பான துறையைக் கட்டி முடித்த பிறகு அதே பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாரே எண்டு தோன்றாமல் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. அவருடைய தாள்களில் யோசனை முடிந்த வடிவம்தான் இருக்கும். தடுமாறிய இடம் தெரியாது. அந்த அழகான கையெழுத்தே அதற்குச் சாட்சி. இந்த இடத்தில் டொனால்ட் கனூத்தையும் சொல்லவேண்டும். புத்தகங்களைக் கணினியால் அச்சுக்கோர்க்க டெக் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கியவர், 1978இலிருந்து அதில் தான் விட்ட ஒவ்வொரு பிழையையும் பதிந்து வைத்தார். எழுத்துப்பிழை, மறதி, யோசனையே பிழை என்று வகை பிரித்து, 1989இல் முழுப் பட்டியலையும் வெளியிட்டார். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2008 வரை 2 டொலர் 56 சதத்துக்குக் காசோலை அனுப்பிவந்தார். அதை மாற்றாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள்தான் கூட. எங்களிட்டக் கேட்டால், ஒரு தொழில் உண்மையில் எப்படி நடந்தது என்று அறிய கனூத்தின் பட்டியல்தான் நல்ல ஆதாரம். ஆனால் வாசிக்க ருசி டைக்ஸ்ட்ராவின் தாள்கள். ஒருத்தரின்ர மனம் நாற்பது வருசமாக என்னத்துக்குச் சந்தோசப்பட்டது, என்னத்துக்கு எரிச்சல்பட்டது என்பதை நாள்தேதியோடு வேறெங்கே வாசிக்கலாம்?

1984இல் ரெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பிக்கப் போனார். ரியாவோடு அங்கே ஒரு வானில் காடு மலையெல்லாம் சுற்றினார். வானுக்கு அவர்கள் வைத்த பேர், ட்யூரிங் இயந்திரம் என்ற பெயரைக் கொஞ்சம் திருப்பி, 'ரூரிங் மெசின்'. புற்றுநோயோடு நூனனுக்குத் திரும்பினார். 2002 ஏப்ரலில் கடைசித் தாளை எழுதினார். இலக்கம் 1318. ஓகஸ்டில் காலமானார். தாள்களில் பெரும்பாலானவை அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இப்போது ஸ்கேன் வடிவில் கிடக்கின்றன. கையெழுத்துத் தாள்கள் பலவற்றைத் தொண்டர்கள் இருந்து தட்டச்சுச் செய்து போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் எளிது. கணிதம் வருகிற இடங்களைத் தாண்டிப் போனாலும் குறையில்லை.

நாங்கள் சிலதை இறக்கி, கம்பஸுக்கு முன்னால் இருக்கிற கடையில் பிரிண்ட் எடுத்துப் பிணைச்சம். கடை அண்ணா ஒவ்வொரு கட்டிலயும் கடைசிப் பக்க இலக்கத்தைப் பாத்துத்தான் காசு கணக்குப் பாத்தார். அறைக்கு வந்து எண்ணிப் பாக்கத்தான் தெரிஞ்சுது, ஒவ்வொரு கட்டிலயும் ஒரு தாள் ஓசி. அடுத்தநாள் போய்ச் சொன்னம். அண்ணா நம்பேல்ல. முதல் தாளை எடுத்து 0ஐக் காட்டினோம். 'உதை ஆர் எழுதினது?' எண்டு கேட்டார்.