போத்தும் வேரும்

முருங்கைப் போத்தை நட்டு, மேல் நுனியில் சாணியை அப்பிவிட்டு, "இனி அது பாடு" என்று போய்விடுவாள் என் பாட்டி. அது தழைத்துவிடும். கொல்லை மாமரம் விறகுக்கு விலை பேசப்பட்டபோது அதன் கிளையையும் அப்படியே நட்டாள். அது கருகிப் போயிற்று. மரங்களுக்குள் ஏன் இந்த வஞ்சனை என்று அன்று எனக்குப் புரியவில்லை.

விடையின் சரித்திரம் சுவையானது. புல் முளை வெளிச்சத்தை நோக்கி வளைவதைக் கவனித்த சார்லஸ் டார்வினும் அவர் புதல்வரும், நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டுதல் கீழே இறங்குகிறது என்று 1880-ல் எழுதினார்கள். ஹாலந்தில் பிரிட்ஸ் வெண்ட், ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் கூழின்மேல் வைத்தார். பிறகு அந்தக் கூழை நுனியற்ற முளையின் ஓரத்தில் வைத்ததும் முளை வளைந்தது! தூண்டுதல் கூழுக்குள் இறங்கியிருந்தது. அதுதான் ஆக்ஸின். 1934-ல் கோகல் குழுவினர் இண்டோல் அஸிடிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள், எதிலிருந்து என்கிறீர்கள்? மனிதச் சிறுநீரிலிருந்து! வேரை வரவழைப்பதும் அதுவே என்று மறு வருஷம் தெரிந்தது. அதே 1935-ல் அமெரிக்காவில் ஸிம்மர்மனும் வில்காக்ஸனும் இண்டோல் பியூட்ரிக் அமிலத்துக்கும் அந்தக் குணம் உண்டென்று காட்டினார்கள். இன்று போத்தின் அடியில் தடவும் பொடியில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

ஆனாலும் முதிர்ந்த மாங்கிளை அந்தப் பொடிக்கும் லேசில் மசிவதில்லை. இளங்கன்றின் கிளைக்குத்தான் வேர்விடும் சுபாவம் அதிகம். பாட்டி நட்டதோ கிழட்டு மரத்தின் கிளை. பிசகு அவள் கையில் இல்லை. ஒட்டுக் கட்டியிருந்தால் பிழைத்திருக்கும். அதை அன்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அந்தப் பழத்தின் ருசி என் நாக்கோடு முடிந்துவிடும்.